ஏழு நாள் திரைப்படங்கள்

பாயல் கபாடியா இயக்கிய "ஆல் வி இமேஜின் அஸ் லைட்" 2024 மே மாதம் கான் திரைப்பட விழாவில் இரண்டாவது உயரிய விருதான கிராண்ட் பிரீயை வென்றது. 30 ஆண்டுகளுக்குப் பிறகு அவ்விழாவின் முதன்மைப் போட்டிப் பிரிவில் இடம்பெற்ற இந்தியப் படம் அது. உலகமே பேசிய அப்படம் செப்டம்பர் 21-ம் தேதி கேரளத்தில் மட்டும், சில திரையரங்குகளில் வெளியானது. நாட்டின் பிற பகுதி ரசிகர்கள் நவம்பர் 22 வரை காத்திருக்க நேர்ந்தது.

இதன் காரணம் வெளிப்படையானது. ஆஸ்கர் விருதின் சர்வதேசப் படப் பிரிவுக்குத் தகுதி பெற, ஒரு வணிகத் திரையரங்கில், கட்டணக் காட்சியாக, தொடர்ந்து ஏழு நாள்களாவது படம் ஓடியிருக்க வேண்டும். கேரளத்தில் வெளியான இரண்டு நாள்களில், இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பு "லாபதா லேடீஸ்" படத்தை இந்தியாவின் சார்பில் தேர்வு செய்துவிட்டது. ஆயினும் கபாடியாவின் படம் பின்னர் நாடெங்கும் திரைக்கு வந்தது. எல்லாப் படங்களுக்கும் அந்த நல்வாய்ப்பு அமைவதில்லை.

குறைந்த அரங்குகளில் படத்தை வெளியிடுவதே தவறு என்று கூற முடியாது. பெரிய நட்சத்திரங்களின் படங்கள் ஆயிரக்கணக்கான திரைகளில் வெளியாகி, முதல் மூன்று நாள்களிலேயே முதலீட்டின் பெரும்பகுதியை எடுக்க முயல்கின்றன. விளம்பரத்துக்குப் பணமில்லாத சிறிய படம் அவற்றுடன் மோத முடியாது. எனவே நான்கைந்து பெருநகரங்களில் சில காட்சிகளுடன் தொடங்குகிறது. சிறிய அரங்கு நிறைந்தால் அது செய்தியாகிறது. பார்த்தவர்களின் பேச்சே விளம்பரமாகிறது. 2013 ஜூலையில் ஆனந்த் காந்தியின் "ஷிப் ஆஃப் தீசியஸ்" இவ்வாறுதான் வந்தது. தங்கள் ஊருக்கும் படம் வேண்டும் என ரசிகர்கள் இணையத்தில் வாக்களிக்க, மேலும் பல நகரங்களுக்குச் சென்றது. எழுந்த பேச்சு அங்கே புதிய திரையரங்குகளைத் திறந்தது.

அந்தப் பேச்சு வேறு எதற்கோ பயன்படும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. விருதுக்கான தகுதி கிடைத்துவிட்டது, இணையத் திரைத் தளத்துடன் விலை பேசி முடிந்தது என்றால், படத்தை அடுத்த ஊருக்கு எடுத்துச் செல்ல யாருக்கும் அவசரமில்லை. சீட்டு வாங்கியவர்கள் ஒரு சடங்குக்குச் சாட்சிகளாக நின்றதோடு சரி. மதுரையிலோ நாகபுரியிலோ உள்ள ரசிகர் அந்தச் சாட்சியாகவும் ஆக முடிவதில்லை.

பல்திரை அரங்குகளுக்கும் இதில் பங்குண்டு. 2023-ல் இணைந்த பிவிஆர் - ஐநாக்ஸ் நிறுவனத்திடம் மட்டும் 1,700 திரைகள் அளவுக்கு உள்ளன. சிறிய படத்துக்குக் காலைக் காட்சியை ஒதுக்கிவிட்டு, வேலைநாளில் கூட்டமில்லை என்று கூறி அடுத்த வெள்ளிக்கிழமை அகற்றிவிடுவதில் என்ன நியாயம் இருக்கிறது? வாய்மொழிப் பாராட்டால் வளர வேண்டிய படத்துக்கு இரண்டாவது வாரமே உயிர்.

2021-ல் ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய பி.எஸ். வினோத்ராஜின் "கூழாங்கல்" ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது பெற்ற தமிழ்ப் படம். அது 2023 அக்டோபரில் இணையத் தளம் வழியாகவே ரசிகர்களை அடைந்தது. நாட்டின் பெயரால் உலக அரங்குக்குச் சென்ற படம், அது பேசும் மொழி வழங்கும் ஊர்களின் திரையரங்குகளுக்கு வரவில்லை.

வழி இல்லாமல் இல்லை. மகாராஷ்டிர அரசு 2015-ல் பல்திரை அரங்குகள் மராத்திப் படங்களை முக்கிய நேரத்தில் திரையிட வேண்டும் என அறிவித்தது. எதிர்ப்பு எழவே, நண்பகல் 12 முதல் இரவு 9 மணி வரை என நேரம் தளர்த்தப்பட்டது. காட்சி நேரம் என்பது அரசு பேசக்கூடிய விஷயம்தான் என்பதையாவது அது நிலைநாட்டியது. மத்திய அரசும் 2022-ல் தனது நான்கு திரைப்பட அமைப்புகளைத் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைத்தது. தேசிய விருது பெறும் படங்களுக்கும், ஆஸ்கருக்கு அனுப்பப்படும் படங்களுக்கும் மாநிலத் தலைநகரங்களிலேனும் இரண்டு வாரம், மாலைக் காட்சியுடன் திரையிட அக்கழகம் ஏற்பாடு செய்யலாம்.

வெளிநாட்டு நடுவர்களுக்காக ஏழு நாள் ஒதுக்க முடிகிற திரையுலகம், சொந்த நாட்டு ரசிகர்களுக்காக இன்னும் ஏழு நாள் ஒதுக்கினால் போதும்.