எவரெஸ்டை மூழ்கடிக்க எவ்வளவு தண்ணீர்?

நோவா காலத்து ஜலப்பிரளயம் உலகம் முழுவதையும் மூழ்கடித்தது, அதை இப்போது அறிவியலே ஒப்புக்கொண்டுவிட்டது என்று சொல்லும் காணொளிகளுக்குத் தமிழிலும் பஞ்சமில்லை. பின்னணியில் இடிமுழக்கம், இமயமலையில் எடுத்த கடற்சிப்பி ஒன்று, நடுவில் 'விஞ்ஞானிகள் அதிர்ச்சி' என்ற கொட்டை எழுத்து. சரக்கில் பெரும்பகுதி பழையது. 1961-இல் அமெரிக்க இறையியலாளர் ஜான் விட்கமும் நீரியல் பொறியாளர் ஹென்றி மோரிஸும் சேர்ந்து ஆதியாகம வெள்ளத்தைப் பற்றி எழுதிய தடித்த புத்தகத்திலிருந்து கைமாறிக் கைமாறி வந்தது.

இதை அற்புதம் என்று நம்புகிறவரோடு எனக்கு வழக்கில்லை. கடவுள் நினைத்தார், நடந்தது என்றால் அங்கே அளவுகோலுக்கு வேலையில்லை. இஸ்லாமிய அறிஞர்களில் பலர் நூஹ் நபியின் காலத்து வெள்ளம் அவருடைய சமூகத்தார் வாழ்ந்த பகுதிக்கு மட்டும் வந்தது என்றே கொள்கிறார்கள், அவர்களோடும் வழக்கில்லை. ஆனால் அறிவியலைச் சாட்சிக்கு அழைத்தவர்கள் குறுக்கு விசாரணைக்கும் இருந்தாக வேண்டும்.

முதல் கேள்வி தண்ணீர். மலைகளுக்கு மேல் பதினைந்து முழம் நீர் நின்றதாக ஆதியாகமம் சொல்கிறது. இன்றைய எவரெஸ்டின் உயரம் 8,849 மீட்டர். அதை மூட ஏறக்குறைய 450 கோடி கன கிலோமீட்டர் நீர் கூடுதலாக வேண்டும். உலகக் கடல்கள் எல்லாம் சேர்ந்தே 133 கோடிதான். வானத்திலுள்ள ஈரம் முழுவதும் ஒரே நாளில் மழையாகக் கொட்டினால் தரையில் இரண்டரை சென்டிமீட்டர் நிற்கும். துருவப் பனியெல்லாம் உருகினால் கடல் எழுபது மீட்டர் போல உயரும். நிலத்தடி நீரையும் இறைத்துக் கொட்டுங்கள், இன்னொரு நூறு மீட்டர் தேறாது. மழைக் கணக்கு இதைவிட மோசம். நாற்பது நாளில் அந்த உயரத்தை எட்ட நாளொன்றுக்கு 221 மீட்டர் மழை பெய்ய வேண்டும். ஒரே நாளில் பெய்த மழைக்கான உலக சாதனை 1966 ஜனவரியில் ரீயூனியன் தீவில் பதிவானது: 1.825 மீட்டர். அதைப்போல நூற்றிருபது மடங்கு, பூமியின் ஒவ்வொரு அங்குலத்திலும், நாற்பது நாள் விடாமல்!

இந்த இடத்தில் 'பூமிக்கடியில் ஒரு கடலே இருக்கிறது, 2014-இல் கண்டுபிடித்துவிட்டார்கள்' என்ற பதில் வரும். பிரேசிலில் கிடைத்த ஒரு வைரத்துக்குள் ரிங்வுடைட் என்ற கனிமத்தின் துணுக்கு இருப்பதாக அந்த ஆண்டு அறிவிக்கப்பட்டது உண்மை. அதன் எடையில் சுமார் ஒன்றரை சதவீதம் நீர் என்பதும் உண்மை. ஆனால் அந்த நீர் கனிமத்தின் படிக அமைப்புக்குள் அணுக்களோடு பிணைந்து கிடக்கிறது. கிணறு வெட்டி இறைக்கும்படியாகவோ ஊற்றாகப் பீறிடும்படியாகவோ அங்கே எதுவும் இல்லை. ஐந்நூறு அறுநூறு கிலோமீட்டர் ஆழத்தில், ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் பாறை அது. அதிலிருந்து நீரைப் பிழிந்து மேலே கொண்டுவந்தால் கூடவே வரும் வெப்பத்தில் பேழையும் மிஞ்சாது.

அவர்களில் விவரம் தெரிந்தவர்கள் இதற்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் எவரெஸ்டே இல்லை, மலைகள் தாழ்வாக இருந்தன, வெள்ளத்தின்போதுதான் கண்டங்கள் பிளந்து ஓடி மலைகள் எழுந்தன என்பது அவர்கள் வாதம். 1990-களில் ஜான் பாம்கார்ட்னர் என்ற புவி இயற்பியலாளர் இதற்குக் கணினி மாதிரியே போட்டுக் காட்டினார். இருப்பதில் வலுவான வடிவம் இதுதான். பூமியைச் சமதளமாக்கினால் இருக்கிற கடல்நீரே எல்லா இடத்திலும் இரண்டரை கிலோமீட்டர் ஆழத்துக்கு நிற்கும் என்பது சரியான கணக்கு. நீருக்கு விடை கிடைத்துவிட்டது, ஆனால் சூடு வந்து மறிக்கிறது. இன்றைய கடல்தளம் முழுவதும் ஓரிரு ஆண்டுக்குள் உருகிய பாறையாக வெளிவந்து உறைந்தது என்றால், மேலோட்டுப் பாறை மட்டும் விடும் வெப்பமே உலகக் கடல்களை ஆவியாக்கத் தேவையானதைவிட அதிகம். வெப்பச் சிக்கலை எதிர்த்தரப்பு கட்டிய கதை என்று தள்ளவும் முடியாது. கதிரியக்கக் காலக்கணிப்பை எதிர்த்து அமெரிக்கப் படைப்புவாதிகள் 'ரேட்' என்ற பெயரில் ஓர் ஆய்வுத் திட்டம் நடத்தி 2005-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பல கோடி ஆண்டுக்குரிய கதிரியக்கச் சிதைவு வெள்ள ஆண்டுக்குள் நடந்து முடிந்தது என்று வைத்தால் பூமியே உருகும் அளவு வெப்பம் வரும், அதற்கு எங்களிடம் இன்னும் தீர்வில்லை என்று அவர்களே அதில் எழுதிவைத்தார்கள். காணொளிகளில் இந்தப் பக்கம் மட்டும் வருவதில்லை.

'அப்படியானால் மலை உச்சியில் கடற்சிப்பி எப்படி வந்தது?' என்பது எல்லோருக்கும் பிடித்த கேள்வி. நல்ல கேள்விதான். 108 திவ்விய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமத்தருகே கண்டகி ஆற்றில் பொறுக்கும் சாளக்கிராமக் கல்லில் சக்கரமாகத் தெரிவது அம்மோனைட் என்ற கடல் உயிரியின் ஓடு. எவரெஸ்டின் உச்சிப் பாறையே கடலடியில் படிந்த சுண்ணாம்புக் கல். இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதியதில் நடுவே இருந்த கடலின் படிவுகள் மடிந்து மேலேறின. இமயம் இன்றும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்வதைக் கருவிகள் அளந்துகொண்டிருக்கின்றன.

மலைச் சிப்பி வெள்ளத்தில் வந்தது என்ற வாதத்தை அன்றே உடைத்தவர் லியோனார்டோ டா வின்சி. டார்வினுக்கு முந்நூறு ஆண்டுக்கு முன்பு, இப்போது லெஸ்டர் சுவடி என்று அழைக்கப்படும் குறிப்பேட்டில், இத்தாலியின் உள்நாட்டு மலைகளில் கண்ட சிப்பிகளைப் பற்றி அவர் எழுதினார். ஒருவகைச் சிப்பி நாளொன்றுக்கு நகரும் தூரம் ஒரு சில முழம்தான், அட்ரியாட்டிக் கடலிலிருந்து 250 மைல் தொலைவை நாற்பது நாளில் அது எப்படிக் கடந்தது என்று கேட்டார். வெள்ளம் அடித்துக்கொண்டு வந்தது என்றால் செத்த ஓடுகள் உடைந்து சிதறிக் கிடக்க வேண்டும்; இவையோ இரண்டு ஓடும் மூடியபடி, குடும்பம் குடும்பமாக, வாழ்ந்த இடத்திலேயே இருக்கின்றன என்றார். அதுவும் ஒரே அடுக்கில் இல்லை, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்குகளில். ஐந்நூறு ஆண்டாகியும் இதற்கு நேரான பதில் வரவில்லை.

அதில் நான் ஒன்றைச் சேர்க்கலாம். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புச் சுரங்கங்களில் அம்மோனைட்டுகள் ஏராளம். கடல் அங்கே பலமுறை ஏறி இறங்கியதற்கான படிவுகளும் அடுக்கடுக்காக உள்ளன. ஆனால் உலகில் எங்குமே அம்மோனைட் கிடைக்கும் அடுக்கில் ஒரு திமிங்கல எலும்பு கிடைத்ததில்லை. இக்தியோசார் என்ற பழைய கடல் ஊர்வனவற்றின் உடலமைப்பு டால்பினைப் போன்றது; பருமனும் நீந்தும் விதமும் அப்படியே. இரண்டும் ஒரே அடுக்கில் இருந்ததே இல்லை. எடையைப் பார்த்தோ வசித்த இடத்தைப் பார்த்தோ வெள்ளநீர் பிரித்தது என்றால் இந்த இரண்டையும் எதை வைத்துப் பிரித்தது?

உப்பு இன்னொரு தொல்லை. 1970-இல் குளோமர் சேலஞ்சர் கப்பல் மத்தியதரைக் கடலடியைத் துளைத்தபோது பெரும் உப்புப் படிவுகள் இருப்பது உறுதியானது. சில இடங்களில் கனம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல். தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கம் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பாத்தியில் நீர் வற்றினால்தான் உப்பு விளையும். மேலே கிலோமீட்டர் கணக்கில் வெள்ளம் நிற்கும்போது கீழே உப்பு விளைந்தது என்பதை எந்த அளத்துக்காரரும் ஏற்கமாட்டார்.

'புவியியலாளர்களுக்குப் பெருவெள்ளம் என்றாலே ஒவ்வாமை' என்றும் ஒரு குற்றச்சாட்டு. இதற்குச் சான்றாக ஹார்லன் பிரெட்ஸ் கதையைச் சொல்வார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கரும்பாறை நிலம் தாறுமாறாக அரிக்கப்பட்டிருப்பதைக் கண்ட அவர், ராட்சத வெள்ளம் ஒன்றுதான் இதைச் செய்திருக்க முடியும் என்று 1923-இல் எழுதினார். சக புவியியலாளர்கள் பல ஆண்டுகள் அவரை ஏற்கவில்லை. இதுவரை உண்மை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஜோசஃப் பார்டி என்பவர் மொன்டானாவில் மணலில் அலை விட்டுச்செல்லும் வரிகளின் வடிவிலேயே, ஆனால் பல மீட்டர் உயரத்துக்குச் சரளைக் கல்லால் ஆன வரிகளைக் காட்டினார். பனியணை உடைந்து மிசூலா என்ற ஏரி வடிந்ததன் தடம் அது. அதுவும் ஒருமுறை இல்லை, பலமுறை. பிரெட்ஸுக்கு 1979-இல், அவருடைய 96-ஆவது வயதில், அமெரிக்கப் புவியியலின் உயரிய பென்ரோஸ் பதக்கம் கிடைத்தது. ஆதாரம் வந்தபோது புவியியல் ஒரு பெருவெள்ளத்தை ஏற்றது. ஓர் ஏரி உடைந்ததற்கே இத்தனை அழியாத தடங்கள் என்றால், பூமியையே மூடிய வெள்ளத்தின் தடம் ஒவ்வொரு கண்டத்திலும் ஒரே காலத்து அடுக்கில் இருந்தாக வேண்டும். அப்படி ஓர் அடுக்கு இல்லை.

காலத்தையும் பார்க்கலாம். பேராயர் ஜேம்ஸ் அஷர் 17-ஆம் நூற்றாண்டில் போட்ட கணக்குப்படி வெள்ளம் வந்தது கி.மு. 2348. ஏறக்குறைய அதே காலத்தில் எகிப்தில் உனாஸ் மன்னரின் பிரமிடுச் சுவரில் எழுத்துகள் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். அவருக்குப் பின் அடுத்த அரச மரபு இடைவெளியின்றி வந்தது. ஹரப்பாவும் மொகஞ்சதாரோவும் செழித்திருந்த காலம் கி.மு. 2600 முதல் 1900 வரை. கலிபோர்னியாவின் வெள்ளை மலைகளில் 4,800 ஆண்டைத் தாண்டிய ஒரு பைன் மரம் உயிரோடு நிற்கிறது. அஷர் சொன்ன ஆண்டில் அதற்கு நானூறு வயதாவது இருந்திருக்கும். ஓராண்டு உப்புநீருக்கடியில் எந்த பைன் மரம் பிழைக்கும்? ஆண்டைச் சில நூறு முன்னே தள்ளினாலும் சிக்கல் தீராது. ஜெர்மனியின் ஓக், பைன் மரங்களின் ஆண்டு வளையங்களைக் கோத்த வரிசை 12,000 ஆண்டுக்கு மேல் அறுபடாமல் போகிறது.

விலங்குகளைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. கென்டக்கியில் 2016-இல் பேழை மாதிரி கட்டியவர்கள், சுமார் 1,400 'வகைகள்', 7,000-க்கும் குறைவான விலங்குகள் போதும் என்கிறார்கள். அந்த 1,400 வகைதான் நான்காயிரத்துச் சொச்சம் ஆண்டில் இன்றைய பல்லாயிரம் இனங்களாகப் பெருகியதாம். இத்தனை வேகமான பரிணாமத்தை டார்வினியர் யாரும் கனவிலும் கண்டதில்லை.

கடைசியாக, 'எல்லா மக்களிடமும் வெள்ளக் கதை இருக்கிறதே' என்ற வாதம். மனிதர்கள் ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் குடியேறியவர்கள், வெள்ளக் கதை இல்லாவிட்டால்தான் வியப்பு. கதைகளின் உள்ளே போனால் ஒற்றுமை குறைகிறது. இறையனார் களவியல் உரை சொல்லும் கடல்கோளில் பாண்டியரின் நிலம் போகிறது. பாண்டியரும் புலவர்களும் பிழைத்து வேறு நகரில் சங்கம் வைக்கிறார்கள். உலகம் அழியவில்லை. எகிப்திலோ நைல் வெள்ளம் வராத ஆண்டுதான் பஞ்சம்; உலகை விழுங்கிய வெள்ளத்தின் கதை அங்கே வேரூன்றவில்லை. நோவா கதைக்கு மிக நெருக்கமானவை மெசொப்பொத்தேமியக் கதைகள். கில்காமேஷ் காவியத்தின் பதினோராம் பலகையில் அந்தக் கதை இருப்பதை ஜார்ஜ் ஸ்மித் 1872-இல் லண்டனில் அறிவித்தார். லெனார்ட் வூலி 1920-களின் இறுதியில் 'ஊர்' என்ற நகரத்தில் இரண்டு மூன்று மீட்டர் கனமான வண்டலைத் தோண்டி, வெள்ளம் கிடைத்துவிட்டது என்று உலகுக்கு அறிவித்தார். பிறகு பார்த்தால் ஷுருப்பாக் நகரத்தின் வண்டல் வேறு காலத்தது. அந்த 'ஊர்' நகரத்திலிருந்து இருபது கிலோமீட்டர் போல உள்ள எரிது நகரத்தில் வண்டலே இல்லை. யூப்ரடீஸ் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வோர் ஊரை முக்கியிருக்கிறது.

பிரளயத்தின் சான்றுகளை நாத்திகர்கள் திட்டமிட்டு மறைத்தார்கள் என்பவர்களுக்கு ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். ஆடம் செட்ஜ்விக் ஆங்கிலேயத் திருச்சபைக் குருவானவர், கேம்பிரிட்ஜில் புவியியல் பேராசிரியர், இளம் டார்வினைக் களத்துக்குக் கூட்டிப்போனவர். ஐரோப்பாவில் பரவிக்கிடக்கும் சரளைப் படிவுகளை ஒரே பிரளயத்தின் எச்சம் என்று முதலில் அவரும் நம்பினார். அவை வெவ்வேறு காலத்தவை என்று தெரிந்ததும் 1831-இல் லண்டன் புவியியல் கழகத்தின் தலைவர் உரையில் அந்தக் கருத்தைப் பகிரங்கமாகக் கைவிட்டார். 1859-இல் உயிரினங்களின் தோற்றம் பற்றிய தன் மாணவரின் நூல் வந்தபோது அதைக் கடுமையாக எதிர்த்தவரும் இவர்தான். டார்வினை ஏற்காத அந்தக் குருவானவர் 1873-இல் இறக்கும்வரை பிரளயப் புவியியல் பக்கம் திரும்பவேயில்லை.