கேக்குக்குக் கீழே ஒரு கடைசி தேதி

கிறிஸ்தவக் கல்லூரி வளாகங்களுக்குள் நுழைகிறவர்கள் பல தினுசு. சிலர் மரங்களைப் பார்ப்பார்கள். சிலர் பழைய கட்டடங்களை அண்ணாந்து பார்த்து 'ஆஹா' என்பார்கள். சில வாலிப அன்பர்கள் வேறு எதையோ பார்ப்பார்கள். அது இந்தப் பகுதியின் எல்லைக்குள் வராது. நான் நேராக நோட்டீஸ் போர்டு பக்கம் போய்விடுவேன். பி.காம். படித்த தோஷம்! பேலன்ஸ் ஷீட்டைக் கையில் கொடுத்தால் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, அடியில் பொடி எழுத்தில் இருக்கும் குறிப்புகளை முதலில் படி என்று எங்கள் வாத்தியார் சொல்லிக் கொடுத்திருக்கிறார். விஷயம் அங்கேதான் பதுங்கியிருக்குமாம்.

இந்தப் போர்டுகளுக்கு டிசம்பர் முதல் வாரம்தான் முகூர்த்த காலம். உச்சியில் ஒரு பைபிள் வசனம். அதற்குக் கீழே கேரல் சர்வீஸ் அழைப்பு, 'அனைவரும் வருக' என்ற வரியோடு. பக்கத்தில் பெண்கள் விடுதியின் கேக் விற்பனை. அப்புறம் ரத்ததான முகாம். ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் காலமான செய்தி, அடக்க ஆராதனை மாலை நாலு மணிக்கு. 'கெமிஸ்ட்ரி லேபில் ஒற்றைச் செருப்பு கண்டெடுக்கப்பட்டது, உரியவர் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும்.' (ஒற்றைச் செருப்புக்கு இன்னொரு செருப்பைத் தவிர வேறென்ன அடையாளம் சொல்வது?) ஓரத்தில் மெஸ் பாக்கி வைத்திருப்போர் பட்டியல். எங்கள் அக்கவுண்டன்ஸி புத்தகத்தில் 'பற்பல கடனாளிகள்' என்று ஒரு தலைப்பு வரும். ரத்தமும் சதையுமாக அவர்களை நான் பார்த்தது அந்தப் பட்டியலில்தான்.

கேரல் சர்வீஸ் என்றதும் வெள்ளை அங்கி, மெழுகுவர்த்தி, பியானோ என்று ஒரு மிரட்சி வரும். அவ்வளவு மிரள வேண்டியதில்லை. ஒன்பது வேத வாசகம், நடுநடுவே பாட்டு என்கிற அந்த ஒழுங்கு இங்கிலாந்தில் ட்ரூரோ என்ற ஊரில் 1880-ல் ஆரம்பித்தது. பெரிய கோயில் கட்டி முடியாத நேரம், ஆகவே ஒரு மரக் கொட்டகையில் நடத்தினார்கள். பண்டிகைக்கு முதல் நாள் ராத்திரி ஊர் ஆண்கள் சாராயக் கடைப் பக்கம் ஒதுங்காமல் இருக்க பிஷப் கண்டுபிடித்த உபாயம் என்று ஒரு கதை உண்டு. 1918-ல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜ் அதை எடுத்துக்கொண்ட பிறகுதான் இத்தனை பவிசு. ஆக, மூலத்தில் அது கொட்டகைக் கச்சேரிதான் சார்!

அறிவிப்பு விஷயத்தில் இந்த நிறுவனங்களுக்குப் பெரிய பரம்பரை இருக்கிறது. நம் தாம்பரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1937-ல்தான் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டு, தாம்பரத்தில் முன்னூற்றுச் சொச்சம் ஏக்கர் புதர்க் காட்டுக்குக் குடி வந்தது. சாமான்களைப் பிரித்து முடித்தார்களோ இல்லையோ, மறு வருஷம் 1938 டிசம்பரில் உலக மிஷனரி மாநாடு அங்கே நடந்தது. கண்டம் கண்டமாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். இன்றைக்கும் சபை வரலாறு படிப்பவர்களிடம் தாம்பரம் என்று சொன்னால் '1938' என்பார்கள். நம்மைப் போன்ற ஆபீஸ் ஜீவன்களுக்குத் தாம்பரம் என்றால் உட்கார இடம் கிடைக்குமா கிடைக்காதா என்பதுதான். அவரவர் இறையியல் அவரவருக்கு.

இதற்கும் முந்தியது செராம்பூர். கல்கத்தாவுக்குப் பக்கத்தில், ஹூக்ளி நதிக்கரையில், அந்தக் காலத்தில் டென்மார்க்காரர்கள் வைத்திருந்த ஊர். நம் தரங்கம்பாடியும் அவர்களிடம்தான் இருந்தது. அங்கே கேரி, மார்ஷ்மன், வார்டு என்று மூன்று பாதிரிமார்கள் 1818-ல் ஒரு கல்லூரி தொடங்கினார்கள். அதே வருஷம் 'சமாச்சார் தர்ப்பண்' என்று பெங்காலியில் ஒரு வாரப் பத்திரிகையும் அவர்கள் அச்சகத்திலிருந்து வந்தது. (எங்கள் தொழிலுக்கு அவர்கள் ஒரு வகையில் பெரியப்பா முறை.) 1827-ல் டென்மார்க் அரசர் ஆறாம் ஃபிரடெரிக், பட்டம் கொடுக்கிற உரிமையைச் சாசனமாகவே எழுதிக் கொடுத்தார். சென்னை, பம்பாய், கல்கத்தாப் பல்கலைக்கழகங்கள் பிறந்தது 1857-ல். கணக்குப் போட்டுப் பாருங்கள், முப்பது வருஷம் முந்தி! இன்றைக்கும் மதுரை அரசரடியிலும் சென்னை குருகுலத்திலும் இறையியல் படித்து வெளியே வருகிறவர்களுக்குப் பட்டம் அந்த செராம்பூர் பெயரில்தான். அரசரடி பஸ் ஸ்டாப்பில் நிற்கும் சாதுவான ஓர் இளைஞரின் சான்றிதழுக்குப் பின்னால் ஒரு டென்மார்க் ராஜா நிற்கிறார் என்று யாருக்குத் தெரியும்?

நான் சொல்ல வந்தது ராஜாவைப் பற்றி அல்ல. 1818-ல் அந்தக் கல்லூரிக்காக ஓர் அறிக்கை அச்சடித்தார்கள். யாருக்காக இந்தக் கல்லூரி என்று அதன் தலைப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள்: ஆசியக் கிறிஸ்தவ இளைஞர்களுக்கும், மற்ற இளைஞர்களுக்கும்.

அந்த 'மற்ற' என்ற வார்த்தையைப் பாருங்கள். ஒரே ஒரு வார்த்தை. போர்டில் போடும் 'அனைவரும் வருக'வுக்கு அதுதான் கொள்ளுத் தாத்தா. கதவைத் திறந்து வைத்துவிட்டார்கள், சரி. ஆனால் அந்த 'மற்ற' ஆசாமிக்கு அது தன்னைத்தான் சொல்கிறது என்று தெரிய வேண்டுமே!

என் ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தி தெற்கே ஒரு சின்ன ஊரில் இருக்கிறாள். அத்தான் இல்லை. இட்லி மாவு அரைத்து பாக்கெட் போட்டு விற்கிறாள். மகன் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் பி.காம். சேர்ந்தான். (எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். இது எங்கேயும் நடக்கும்.) குடும்பத்திலேயே காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். போன டிசம்பரில் அவனைப் பார்க்க விடுதிக்குப் போயிருந்தேன். வழக்கப்படி போர்டு முன்னால் நின்றேன். கேக் விற்பனை போஸ்டர் அழகாக, ஆறு கலரில், செர்ரிப் பழம் எல்லாம் போட்டு ஒட்டியிருந்தது. அதன் அடியிலிருந்து ஒரு வெள்ளைத் தாளின் முனை எட்டிப் பார்த்தது. பொடி எழுத்து. என் கை சும்மா இருக்குமா? கேக்கைத் தூக்கிப் பார்த்தேன்.

குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களுக்குக் கல்லூரி தரும் உதவித்தொகை. வருஷத்துக்கு 12,000 ரூபாய். வருமானச் சான்றிதழ் இணைக்கவும். மதம் பற்றி ஒரு நிபந்தனையும் இல்லை. கடைசி தேதி முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

"ஏண்டா, இதுக்கு எழுதிப் போட்டியா?"

பையன் எட்டிப் பார்த்தான். "இது நமக்கு இல்ல மாமா."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. மேல வசனம் போட்டிருக்குல்ல... அந்த போர்டு அவங்களுக்குன்னு நினைச்சேன்."

ஆறு மாதமாகத் தினம் நாலு தடவை அந்தப் போர்டைக் கடந்து சாப்பிடப் போயிருக்கிறான். ஒரு தடவைகூட நின்று படித்ததில்லை! படிக்க வேண்டாம் என்று அவனை ஒருவரும் தடுக்கவில்லை. கேரல் சர்வீஸுக்கு வராதே என்றும் சொல்லவில்லை. 'அனைவரும்' என்று அச்சடித்துத்தான் இருந்தது. ஆனால் அந்த 'அனைவரில்' நம்மைச் சேர்க்க மாட்டார்கள் என்று பத்தொன்பது வயசுக்குள் எத்தனையோ இடத்தில் கற்றுக்கொண்டு வந்திருக்கிறான். அதை ஒரு பாராவில் மறக்கடிக்க முடியாது.

"இப்பதான் எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்துடுதேய்யா" என்பீர்கள். வந்தது. அவன் போனை வாங்கிப் பார்த்தேன். வகுப்பு குரூப்பில் காலை பத்து மணிக்கு அறிவிப்பு. அதற்குக் கீழே அறுபத்து மூன்று பேர் வரிசையாக 'நோட்டட் சார்'. அதற்குக் கீழே கும்பிடு. அதற்குக் கீழே யாரோ ஒருவன் பிறந்தநாள். அறிவிப்பு அறுபது அடி ஆழத்தில் போய்விட்டது. நோட்டட் போட்ட அறுபத்து மூன்று பேரில் நம்ம பையனும் ஒருவன். "எல்லாரும் போட்டாங்க மாமா, நானும் போட்டேன்."

அக்காவிடம் போனில் சொன்னேன். சத்தமே இல்லை. அப்புறம், "பன்னெண்டாயிரமா தம்பி?" என்று ஒரே ஒரு கேள்வி. ஒரு மாவு பாக்கெட்டுக்கு அவளுக்கு 8 ரூபாய் நிற்கும். காமர்ஸ்காரன் மூளை சும்மா இருக்காமல் வகுத்துப் பார்த்தது: 1,500 பாக்கெட். அவளும் அதே நேரத்தில் அதே வகுத்தலைத்தான் போட்டிருப்பாள். என்னைவிட வேகமாகவே போட்டிருப்பாள்.

ஆபீசில் கேட்டோம். அங்கிருந்தவர் நல்ல மனிதர். "நோட்டீஸ் போட்டோமே சார்!" என்றார். உண்மைதானே? போட்டார்கள். மேலே கேக் வந்து உட்கார்ந்தால் அவர் என்ன செய்வார்?

எனக்கு ஒரு சந்தேகம். சர்ச்சில் கல்யாணத்துக்கு முன்னால் ஓலை வாசிக்கிற வழக்கம் தெரியுமோ? இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் கல்யாணம், யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்று ஆராதனையில் எழுந்து நின்று வாசிப்பார்கள். ஒரு தடவை இல்லை, மூன்று ஞாயிறு! தடை சொல்லி யாராவது எழுந்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் மூன்று தடவை. ஏனென்றால் முதல் ஞாயிறு ஒருவருக்குக் காய்ச்சல், இரண்டாவது ஞாயிறு ஒருவருக்குக் காது மந்தம், மூன்றாவது வாரமாவது விழட்டுமே என்ற நல்லெண்ணம். காகிதத்தில் எழுதி ஒட்டிவிட்டு, 'நோட்டீஸ் போட்டோமே' என்று அவர்கள் சொல்வதில்லை. வாயால் சொல்கிறார்கள். நம் ஊர் தண்டோராக்காரனும் அதைத்தான் செய்தான். தெருமுனைக்குத் தெருமுனை நின்று தட்டி, 'சகலமானவர்களுக்கும்' என்றான். படிப்பு தெரியாதவன், மேற்குத் தெருக்காரன், வேறு சாமி கும்பிடுகிறவன் எல்லார் காதிலும் அந்த 'சகலமும்' விழுந்தது.

சர்ச் ஏலத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த பூசணிக்காயை மைக் பிடித்து ஏலம் விடுவார்கள். 'நம்ம பெரியவர் ஐந்நூறு... நம்ம டாக்டர் எழுநூறு...' என்று ஆள் ஆளாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார் ஏலக்காரர். கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருப்பவன்கூடத் தப்ப முடியாது. பூசணிக்காயை விற்க இவ்வளவு சாமர்த்தியம் தெரிந்தவர்களுக்கு, உதவித்தொகையைச் சேர வேண்டியவன் கையில் சேர்ப்பது கஷ்டமா என்ன? மெஸ் பாக்கிப் பட்டியலில் அவரவர் பெயரைப் போட்டுத்தானே ஒட்டுகிறார்கள்! பாக்கிக்குப் பெயர், சலுகைக்கு மட்டும் 'தகுதியுள்ள மாணவர்கள்' என்றால் என்ன கணக்கு சார் இது?

அன்றைக்குச் சாயங்காலம் பையனைக் கேரல் சர்வீஸுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். வாசலில் ஒரு பெரியவர் பாட்டுத் தாளையும் மெழுகுவர்த்தியையும் நீட்டினார். பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. "மெழுகு சட்டையில சிந்தாம புடிச்சுக்கோங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். பையன் அந்த மெழுகுவர்த்தியைப் பரீட்சை ஹால் டிக்கெட் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். ஒன்பது வாசகமும் கேட்டான். முடிந்ததும் ஆளுக்கொரு துண்டு கேக் கொடுத்தார்கள். போஸ்டரில் இருந்த செர்ரி அதில் இல்லை.

இந்த வருஷம் அவன் இரண்டாம் ஆண்டு. ஜூலையிலேயே தாலுகா ஆபீஸுக்கு அலைந்து வருமானச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டான். அறிவிப்பு வந்த அன்றே விண்ணப்பம் கொடுத்துவிட்டான். பணம் இன்னும் வரவில்லை. அத்தோடு விடவில்லை. அந்த நோட்டீஸைத் தமிழில், ஸ்கெட்ச் பேனாவில், கொட்டை எழுத்தில் எழுதி, மெஸ்ஸில் கை கழுவுகிற குழாய்க்கு மேலே ஒட்டியிருக்கிறான். போர்டு முன்னால் நிற்காதவனும் குழாய் முன்னால் நின்றுதானே ஆக வேண்டும்? 'எல்லா மதத்துப் பசங்களுக்கும் உண்டு. முதல் வருஷப் பசங்க 14-ம் நம்பர் ரூமுக்கு வந்தா ஃபாரம் நிரப்பித் தரப்படும்' என்று போட்டிருக்கிறான். இதுவரை பதினொரு பேர் வந்தார்களாம்.

போன வாரம் போயிருந்தபோது அதைப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் தெறித்து மை கொஞ்சம் கரைந்திருந்தது. அதன் கீழே வேறொரு கையெழுத்தில், 'அண்ணா, நேத்து ராத்திரி வந்தேன், ரூம் பூட்டியிருந்துச்சு. இன்னிக்கு எத்தனை மணிக்கு இருப்பீங்க?' என்று எழுதியிருந்தது.