புகையில்லா மின்சாரமும் மலை ஜனங்களும்

பைக்காராவில் 1932ல் மின்சாரம் பிறந்தது வருண பகவான் வரத்தாலல்ல. மனித அறிவாலும் கூலியாட்களின் உழைப்பாலுமேயாகும். ஆகவே புகையில்லா மின்சாரத்திற்கு நாம் விரோதிகளல்ல. ஆனால் சில்லஹல்லா நீரேற்று மின் திட்டத்தின் அணைகளால் நிலம் போய்விடுமென்று நீலகிரி விவசாயிகள் எதிர்த்தார்களே, அவர்களை முன்னேற்றத்திற்குப் பகைவர்கள் என்று தள்ளிவிடலாமா?

இதற்குப் பாடம் பிரிட்டனில் இருக்கிறது. அங்கு 1984-85ல் நிலக்கரித் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தைத் தாட்சர் சர்க்கார் முறியடித்தது. சுரங்கங்கள் மூடப்பட்டு ஊர்கள் பிழைப்பிழந்தன. 2024ல் கடைசி நிலக்கரி மின் நிலையமும் நின்றது. புகை ஒழிந்தது நல்லதே; ஆனால் அவ்வூரார் பட்ட கஷ்டத்திற்கு யார் ஜவாப்தாரி?

ஆதலால் எத்திட்டமாயினும் முதலில் மலை ஜனங்களின் சம்மதமும், போகும் நிலத்திற்கு மாற்று நிலமும் வேண்டும். வெளிச்சம் பட்டணத்திற்கு, நஷ்டம் மலைக்கு என்பது வருணாச்சிரம நியாயமேயாகும் என்பது நமது அபிப்பிராயம்.