பிரியாணி இருக்கட்டும், செவ்வாய்க்கிழமை ராத்திரிக்கு என்ன?

திண்டுக்கல்லில் இருந்துகொண்டு 'வெளியே சாப்பிடாதே' என்று சொன்னால் அடிக்க வருவார்கள். 1957-ல் தலப்பாக்கட்டி பிரியாணிக் கடை தொடங்கிய ஊர் இது. அந்த சீரக சம்பா வாசனை வீட்டு குக்கரில் வராது, ஒத்துக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் கை வைக்க வேண்டாம்.

பிரச்னை செவ்வாய்க்கிழமை ராத்திரிதான். டயர்டா வந்து, போனை எடுத்து, ரெண்டு தோசைக்கு டெலிவரி சார்ஜ், பேக்கிங் சார்ஜ், 5% ஜிஎஸ்டி என்று அழுகிறோமே, அது.

இத்தனைக்கும் கேரளாவுக்கே காய்கறி அனுப்புகிற ஒட்டன்சத்திரம் மார்க்கெட் நம்ம மாவட்டத்தில்தான் இருக்கிறது. பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டியும் கிடையாது. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், நாலு தக்காளி வதக்கி, ஒரு டம்ளர் அரிசிக்கு ரெண்டு டம்ளர் தண்ணீர், மூணு விசில். தக்காளி சாதம் ரெடி. அரை மணி நேரம். ஆர்டர் வந்து சேரவும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகும்.

ஆனால் ஒன்று. 'வீட்டுச் சாப்பாடுதான் சீப்' என்று நாம் கணக்குப் போடும்போது அம்மாவின் உழைப்பை அதில் சேர்ப்பதே இல்லை. குக்கரை நீங்களே வைத்து, நீங்களே கழுவியும் கவிழ்த்தால் அந்தக் கணக்கை ஏற்றுக்கொள்ளலாம்.