ஆயிரத்து ஐந்நூறு வராகன்

பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி மதகுகள் திறக்கப்படும்போது, உபரிநீர் திருநீர்மலைக்கு அருகே அடையாற்றில் சேர்ந்து, சைதாப்பேட்டை வழியே கடலை நோக்கிச் செல்கிறது. இந்நீர்ப்பரப்பின் முன் அடியார்கள் காத்து நின்ற வரலாறு மிகப் பழையது. நீர்வண்ணப் பெருமாளைச் சேவிக்க வந்த திருமங்கையாழ்வார், மலையைச் சூழ்ந்த வெள்ளம் வடியும் வரை ஆறு மாத காலம் காத்திருந்தார் என்பது திருநீர்மலைத் தலவரலாறு.

ஆழ்வாருக்கு அது தவம். முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு நடந்து வரும் எளிய யாத்திரிகருக்கு அது பெருந்துன்பம். சென்னைக் கோட்டைப் பகுதியிலிருந்து பரங்கிமலைக்குச் சென்ற கிறிஸ்தவ யாத்திரிகர்களும், மழைக்காலத்தில் சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்க இயலாமல் தவித்தனர்.

அவர்கள் குறையைத் தீர்த்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். பாரசீக நாட்டின் ஜூல்ஃபாவைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்து, மணிலா வரை வாணிகம் செய்து பெரும்பொருள் ஈட்டிச் சென்னையில் குடியேறியவர். 1726-ஆம் ஆண்டில், தம் சொந்தப் பொருளில் 30,000 வராகன் செலவிட்டு அடையாற்றின் குறுக்கே பாலம் அமைத்தார். பரங்கிமலை மீது ஏறுவதற்குப் படிகளும் அமைத்துத் தந்தார். மாம்பலம் என்னும் ஊர்ப்பெயர் ஆங்கிலேயர் நாவில் திரிந்து, அது ‘மார்மலாங் பாலம்’ என்று வழங்கலாயிற்று.

பாலம் கட்டியதோடு தம் கடமை முடிந்தது என்று அவர் எண்ணவில்லை. பராமரிப்புக்கென்று 1,500 வராகனைத் தனியே வைத்துச் சென்றார். வெள்ளம் ஆண்டுதோறும் வரும், கல் பெயரும், காரை உதிரும். கட்டியவர் மறைந்த பின் அவற்றைச் செப்பனிடுவோர் யார் என்பதையும் அவர் முன்கூட்டியே எண்ணிப் பார்த்தார்.

நம் முன்னோர் இதே நெறியைத் திருக்கோயில்களில் கைக்கொண்டிருந்தனர். நந்தாவிளக்கு எரிக்க விளக்கை மட்டும் அவர்கள் கொடுக்கவில்லை. நெய்க்காக 90 அல்லது 96 ஆடுகளையும் சேர்த்துக் கொடுத்தனர். கிழ ஆடுகள் கழிய, குட்டிகள் அவற்றின் இடத்தை நிரப்பும். மந்தையின் எண்ணிக்கை குறையாது. ஆகவே அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடுகள்’ என்று கல்வெட்டுகள் குறிப்பிடுகின்றன. முதல் குறையாமல் வருவாயில் தர்மம் நடைபெற வேண்டும் என்பதே அதன் கருத்து.

உஸ்கானின் பிற்காலம் அமைதியாகக் கழியவில்லை. 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது பெரும் இழப்புக்கு ஆளானார். 1751-இல் காலமானார். உடல் வேப்பேரியில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் விருப்பப்படி இதயம் மட்டும் ஜூல்ஃபாவுக்கு அனுப்பப்பட்டது. ஈட்டிய செல்வம் கைவிட்டுப் போயிற்று. செய்த தர்மம் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் மக்களைக் கரை சேர்த்தது.

பழைய பாலத்தின் இடத்தில் 1966-இல் புதிய பாலம் எழுந்தது. பல்லாவரத்தில் வாழ்ந்த சைவத் தமிழறிஞர் மறைமலையடிகளின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பழையதன் சான்றாக ஒரு கல்வெட்டு மட்டும் எஞ்சியது. அது ஆர்மீனியம், பாரசீகம், இலத்தீன் ஆகிய மொழிகளில் அமைந்தது. நாள்தோறும் அவ்வழியே சென்ற மக்களுக்கு அதைப் படித்தறிய வாய்ப்பில்லை.

ஆறு மாறவில்லை. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி நீர் திறக்கப்பட்டபோது, சைதாப்பேட்டைப் பாலத்தில் போக்குவரத்து நின்றது. அன்று அக்கரையிலும் இக்கரையிலும் நின்றவர்கள், பாலம் என்பது எத்தகைய உதவி என்பதை உணர்ந்திருப்பர்.

இன்று திருக்கோயில்களுக்குப் புதிய மண்டபமும் தரைக்கல்லும் அளிக்க அன்பர்கள் பலர் முன்வருகின்றனர். அது போற்றத்தக்கது. ஆயினும் கும்பாபிஷேகம் முடிந்த மறு ஆண்டில் கோபுரத்தில் முளைக்கும் அரசங்கன்றைக் களையவும், திருக்குளத்தின் படிகளைச் செப்பனிடவும், மடைப்பள்ளிக்கூரையின் ஒழுக்கை அடைக்கவும் பொருள் வேண்டும். அத்தகைய திருப்பணிக்குப் பெயர் பொறித்த கல் கிடைக்காது. கொடுக்கும் காணிக்கையில் ஒரு பங்கையேனும் பராமரிப்புக்கென்று ஒதுக்கி வைப்பது, மழைக்காலம் தொடங்கும் முன் செய்ய வேண்டிய புண்ணியம்.