கேத்தில் காட்டும் உப்பும் காட்டாத உப்பும்

தேநீருக்கு நீர் காய்ச்சும் கேத்திலின் உள்ளே பார்த்தால், அடியிலும் ஓரத்திலும் வெண்மையான படையொன்று ஒட்டியிருத்தலை யாழ்ப்பாணத்து இல்லங்களில் யாவரும் கண்டிருப்பர். அதைக் கண்டு அஞ்சுவோர் பலர். ஆனால், அதே நீரிலே கண்ணுக்குப் புலப்படாத வேறோர் உப்பும் இருத்தல் கூடும். இவ்விரண்டின் இயல்புகளையும் இவ்வாரம் ஒப்புநோக்குவோம்.

நம் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்தது. அக்கல்லாகிய கல்சியம் காபனேற்று, தூய நீரில் மிகச் சிறிதளவே கரையும். மழைநீரோ காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டை ஏற்று மென்னமிலமாகின்றது. அவ்வமிலம் காபனேற்றை இருகாபனேற்றாக மாற்றிக் கரைத்துவிடும். இங்ஙனம் காலங்காலமாகக் கல் கரைந்ததன் விளைவே நிலத்தடிக் குகைகளும், நீர்வேலிக்கு அணித்தாயுள்ள நிலாவரைக் கிணறும். நீரைக் கொதிக்கவைத்தால் இம்மாற்றம் தலைகீழாக நிகழ்கின்றது. வாயு வெளியேற, காபனேற்று மீண்டும் கல்லாகிக் கேத்திலில் படிகின்றது. அது தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும் பொருள்.

மற்றையது நைத்திரேற்று. நீர்வேலியின் செம்மண்ணில் விளையும் வாழைக்குலையின் பெருமையை நாம் கூறவேண்டியதில்லை. அம்மண்ணுக்கு இடும் யூரியா முதலாய பசளைகளையும், சாணத்தையும், மலக்குழிக் கழிவையும் பற்றீரியங்கள் படிப்படியாக நைத்திரேற்றாக மாற்றுகின்றன. மண்ணின் களித்துணிக்கைகள் பெரும்பாலும் எதிர்மின்னேற்றம் உடையவை, நைத்திரேற்றும் அத்தகையதே. ஆதலின் மண் அதைப் பற்றி வைப்பதில்லை. பயிர் உண்டது போக எஞ்சியது, மழையோடும் இறைப்பு நீரோடும் கீழிறங்கி, கல்லின் வெடிப்புகள் வழியே கிணற்றை அடைகின்றது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் இது அளவை மீறியிருத்தலை ஆய்வாளர் பன்முறை கண்டுள்ளனர். 1983ஆம் ஆண்டிலேயே இதுபற்றிய ஆய்வு வெளிவந்துள்ளது.

இவ்வுப்புக்கு நிறமில்லை, மணமில்லை. குடிநீரில் காணப்படும் அளவில் சுவையுமில்லை. நீரில் மிக எளிதாகக் கரையும். கொதித்தாலும் படியாது, ஆவியாகவும் போகாது. துணியில் வடிப்பதாலும், தேற்றாங்கொட்டை உரைப்பதாலும் கலங்கல் தெளியுமேயன்றி இது நீங்காது. இலீற்றருக்கு 60 மில்லிகிராம் உள்ள ஓர் இலீற்றர் நீரை, முக்கால் இலீற்றராக வற்றும்வரை காய்ச்சினால், எஞ்சிய நீரில் அதன் செறிவு 80 மில்லிகிராமாக உயரும். உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த வரம்போ 50 மில்லிகிராம்.

இவ்வரம்பு கைக்குழந்தைகளை முன்னிட்டு வகுக்கப்பட்டது. நைத்திரேற்று உடலில் நைத்திரைற்றாக மாறி, குருதியின் ஈமோகுளோபினை ஒட்சிசன் சுமக்க இயலாததாக்கும். பச்சிளங் குழந்தையின் உடல் அதைத் தாங்கமாட்டாது; உதடும் விரல்நுனியும் நீலம்பாரிக்கும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலே, கமங்களின் கிணற்று நீரில் பால்மா கரைத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளிடம் இந்நோயைக் கண்டு, கொம்லி என்னும் மருத்துவர் 1945இல் எழுதினார்.

இதனால் நீரைக் காய்ச்சுவதை விட்டுவிடலாம் என்று எவரும் கருதற்க. கிருமிகளைக் கொல்லக் காய்ச்சுதல் இன்றியமையாதது. ஆயினும், காய்ச்சிவிட்டோம் என்ற ஒன்றையே நம்பிப் பால்மா கரைத்தல் தகாது. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலே தக்க காவல். பால்மா கொடுக்க நேர்ந்த தாய்மார், தங்கள் கிணற்று நீரை ஆய்வுகூடத்தில் பரிசோதிப்பித்தல் வேண்டும். அளவு மிகுந்திருப்பின் குழந்தைக்கு வேறு நீரைத் தேடுதல் வேண்டும். கமக்காரரும் பசளையை ஒரேயடியாகக் கொட்டாது, பயிர் ஏற்கும் அளவறிந்து சிறிது சிறிதாக இடுவாராயின், பணமும் மிஞ்சும், கிணறும் பிழைக்கும். தோட்டத்திற்கு வேலி அடைக்கின்றோம். நிலத்தடி நீருக்கு வேலி இல்லை. ஒருவர் காணியில் இட்டது அயலார் வீட்டுக் குழந்தையின் போத்தலில் வந்து சேரக்கூடும்.