விருந்தினர் வருமுன் முற்றம்



மழைக்காலம் விடைபெற்றுவிட்டது. ஜூன் மாதம் தொடங்கிச் செப்டம்பர் முடிய நான்கு மாதங்கள் மும்பையை நனைத்து ஊறவைத்த வானம், இப்பொழுது துளி மேகமும் இன்றி வெறித்துக் கிடக்கின்றது. ‘அக்டோபர் சூடு’ என்று இந்நகரத்தார் பெருமூச்சுடன் சொல்லும் பருவம் இது. நண்பகலில் வெப்பம் 35 பாகையைத் தொடுகின்றது. தீபாவளி நெருங்குகின்றது. ஊரிலிருந்து உறவினர் வரும் காலமும் இதுவே.

செம்பூரில் நாங்கள் குடியிருப்பது பழைய தரைத்தள வீடு. முன்புறம் சிறு முற்றம். பின்புறம் கிணறு இருந்து தூர்ந்துபோன ஒரு கொல்லை. இரண்டு தென்னை, ஒரு மா, ஒரு துளசி மாடம். சுற்றிலும் மாடிகள் எழும்பிவிட்ட தெருவில் இப்படியொரு வெட்டவெளி எஞ்சியிருப்பதே பெரிய காரியம். விருந்தினர் வந்தால் வீட்டுக்குள் தங்குவதில்லை. அனைவரும் முற்றத்திலேதான் அமர்வர். ஆதலின் இம்மாதம் அடுக்களையை விட்டு முற்றத்தைப் பற்றி எழுத எண்ணினேன். அடுக்குமாடியில் வாழும் அன்பர்கள் இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கட்டிடத்தின் பொதுமுற்றமும், பூந்தொட்டி வைத்த பால்கனியும் இதில் அடங்கும்.

எழுதத் தூண்டியது ஒரு தொலைபேசி அழைப்பு. சென்ற வாரம் கும்பகோணத்திலிருந்து சித்தப்பா பேசினார். அவருக்கு வயது 81. இவ்வாண்டு தீபாவளிக்கு வருவதாகச் சொன்னார். நான் மகிழ்ச்சியுடன் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், “கொல்லைப்படி இன்னும் அப்படியேதான் இருக்கா?” என்று கேட்டார்.

எனக்கு உடனே விடை சொல்ல நா எழவில்லை.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். அவ்வாண்டு தீபாவளிக்கு வீடு நிறையச் சுற்றம். முன்வாயிலில் வண்ண விளக்குச் சரங்களை மூன்று நாள் முன்னதாகவே கட்டிவிட்டேன். வருகிறவர் போகிறவர் எல்லாரும் பாராட்டினார்கள். கொல்லைப்புறத்தில் இருந்த ஒரே பல்பு எரியாமற் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. அதை மாற்றவேண்டும் என்ற நினைவே எனக்கு இல்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எண்ணெய்க் குளியல் தொடங்கிற்று. பிள்ளைகளைக் கொல்லைக் கல்லின்மேல் உட்கார்த்தி எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டினோம். ஐந்தாறு பேர் குளித்து முடித்தபின் என் தந்தையார் தலையில் எண்ணெயோடு படியிறங்கினார். மழைக்காலத்துப் பாசியின்மேல் எண்ணெய் கலந்த நீர், அதன்மேல் இருள். இடுப்பெலும்பு முறிந்தது. அவரைத் தூக்கியெடுத்தவர் சித்தப்பாதான். அறுவை மருத்துவம் நடந்து எழுந்து நடமாடினாரெனினும், கைத்தடி இன்றி அவர் அடியெடுத்து வைத்ததை அதன்பின் நாங்கள் பார்க்கவில்லை. மூன்றாண்டுகளில் வேறொரு நோயால் மறைந்தார். தமையனார் விழுந்த அக்கொல்லைக்குத் தீபாவளிக்கு வர அன்றுமுதல் சித்தப்பாவுக்கு மனம் வரவில்லை.

ஆகவே, முற்றத்தைச் சீர்செய்வது என்றால் வாயிலில் மாக்கோலம் இடுவதும் தோரணம் கட்டுவதும் என்றே எண்ணியிருந்த நான், இவ்வாண்டு பின்பக்கத்திலிருந்து தொடங்கினேன்.

முதலில் பாசி. மும்பையின் பழைய வீடுகளில் முற்றத்தில் பாவியிருப்பது பெரும்பாலும் ஷாஹாபாத் கல். கர்நாடகத்தின் கலபுரகிப் பகுதியிலிருந்து வரும் சாம்பல்நிறப் பலகைக்கல், ஒருவகைச் சுண்ணாம்புக்கல். இதைத் தெரிந்துகொள்வது அவசியம். பாசியை எடுப்பதற்குக் கழிவறை கழுவும் அமிலத்தை ஊற்றுவோர் உண்டு. அமிலம் பட்டால் சுண்ணாம்புக்கல் பொங்கி அரிக்கும். கல்லும் கெடும், பாசியும் அடுத்த ஆண்டு அந்த அரித்த குழிகளில் முன்னிலும் செழிப்பாக முளைக்கும். பிளீச்சிங் பவுடரை நீரில் கரைத்து ஊற்றிக் கால்மணி நேரம் ஊறவிட்டு, தென்னந்துடைப்பத்தாலோ கம்பித் தூரிகையாலோ தேய்த்துக் கழுவினால் போதும். துளசி மாடத்தின் பக்கமும் செடிகளின் வேர்ப்பக்கமும் அந்நீர் ஓடாதபடி மண்வரப்பு இட்டுக்கொள்ள வேண்டும். மற்றொன்று: பிளீச்சிங் பவுடரும் அமிலமும் ஒருபோதும் ஒன்று சேரலாகாது. சேர்ந்தால் எழும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும். வேலைக்கு வரும் பெண்மணியிடம் இதைக் கட்டாயம் சொல்லிவைக்க வேண்டும். அவரிடம் இரண்டு புட்டிகளையும் கொடுத்துவிட்டு நாம் உள்ளே போய் அமர்வது பெருந்தவறு.

தேய்த்துவிட்டால் முடிந்ததா? இல்லை. ஈரமும் நிழலும் இருக்குமிடத்தில் பாசி திரும்பவும் வரும். எங்கள் கொல்லையில் நீர் வடியாமல் தேங்கும் மூலை ஒன்று இருந்தது; அங்கே இரண்டு கற்களைப் பெயர்த்தெடுத்து, சாய்வு பார்த்து மீண்டும் பதித்தோம். வழுவழுப்பான கற்களைக் கொத்தனாரிடம் சொல்லி அம்மி கொத்துவதுபோலச் சிற்றுளியால் கொத்தச் செய்தோம். “நல்ல கல்லைக் கெடுக்கிறீர்களே” என்று அவர் வருந்தினார். கால் வழுக்காத கல்லே எனக்கு நல்ல கல் என்றேன். படியருகில் பிடித்திறங்க இரும்புக்குழாய் ஒன்றும், அதற்குமேல் சுவரில் விளக்கு ஒன்றும் வேண்டும் என்பது என் மனைவியின் தீர்ப்பு. எண்ணெய்க் குளியலுக்கு இடமும் மாற்றப்பட்டது: குளிப்பவர் கல்லின்மேல் அமராமல் மணை போட்டு அமர்வது, ஒருவர் குளித்தெழுந்தவுடன் சீயக்காய்த்தூள் தூவித் தேய்த்து இடத்தைக் கழுவிவிட்டே அடுத்தவரை அழைப்பது. எண்ணெயை வெறும் நீர் போக்காது, சீயக்காய் போக்கும். தலைக்குத் தேய்க்கும்போது நினைவில் நிற்கும் இவ்வுண்மை தரைக்கு ஏனோ நமக்குத் தோன்றுவதில்லை.

அடுத்து நீர் நிற்கும் இடங்கள். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடாது. தெளிந்த நீரைத்தான் தேடும். பூந்தொட்டியின் அடித்தட்டு, உடைந்த வாளி, கழற்றிப் போட்ட டயர், உரித்தெறிந்த இளநீர்க் கோம்பை ஆகியவையே அதன் பிறப்பிடம். முட்டை கொசுவாகிப் பறக்க எட்டுப் பத்து நாட்கள் போதும். நீரைக் கொட்டிக் கவிழ்த்துவிட்டோம் என்று நிம்மதி அடைதல் கூடாது. ஏடிஸின் முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, ஈரமின்றியே பல மாதங்கள் உயிரோடு இருக்க வல்லவை. மறுபடி நீர் பட்டதும் பொரிந்துவிடும். ஆதலால் கொட்டியபின் உட்புறத்தை அழுத்தித் தேய்த்தல் வேண்டும். மேல்நிலைத் தொட்டிகளில் மலேரியாக் கொசு வளரும். மூடி இறுக்கமாகப் பொருந்துகின்றதா என்று ஏறிப் பார்க்கவேண்டும். மாநகராட்சியின் பூச்சித்தடுப்பு ஊழியர் வந்து கேட்கும்போது “எல்லாம் சரியாக இருக்கிறது” என்று வாசலிலேயே வழியனுப்பும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. அவரை உள்ளே அழைத்துக் காட்டுங்கள். நம் கண்ணுக்குத் தப்பியது அவர் கண்ணுக்குத் தப்பாது.

மழைக்காலத்தில் மூலையில் குவித்த செங்கல், விறகு, மரப்பலகை இவற்றை அகற்றும்போது வெறுங்கையால் தொடவேண்டாம். குவியலில் எலி தங்கும். எலியைத் தேடிப் பாம்பும் வரும். எலியின் சிறுநீர் கலந்த ஈரமண்ணும் நீரும் காலிலுள்ள சிறு கீறல் வழியே எலிக்காய்ச்சலைக் கொடுக்கும். 2005ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று ஒரே நாளில் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதே, அவ்வெள்ளம் வடிந்தபின் இந்நகரில் எலிக்காய்ச்சல் பரவியதை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ரப்பர்க் காலணியும் கையுறையும் இன்றி அவ்வேலையில் இறங்கலாகாது.

தென்னையைப் பற்றி ஒரு சொல். விருந்தினர் தென்னையடியில் நாற்காலி போட்டு அமர்வதை எத்தனையோ வீடுகளில் காண்கிறேன். முற்றிய நெற்றும் காய்ந்த மட்டையும் விழும் நேரத்தை யாரிடமும் சொல்லிவிட்டு விழுவதில்லை. விருந்தினர் வருமுன் ஏறத் தெரிந்தவரை அழைத்து இரண்டையும் இறக்கிவிட வேண்டும். காய்ந்த மட்டையில் வாணத்தின் ஒரு பொறி பட்டாலும் போதும், மரமே பந்தமாகும். ஆனால் மரத்தையே வெட்ட எண்ணுவோர், 1975ஆம் ஆண்டு மகாராஷ்டிர மரப் பாதுகாப்புச் சட்டப்படி மாநகராட்சியின் அனுமதி பெற்றாக வேண்டும். பெருங்கிளை கழிப்பதற்கும் வார்டு அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு செய்தலே நலம். மாமரத்தடி நிழல் குளிர்ந்ததுதான். முசுறு எறும்புக் கூடு இருக்கின்றதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டு நாற்காலியைப் போடுங்கள். பகல் பதினொன்று முதல் மாலை நான்கு வரை எந்த முற்றமும் இப்பருவத்தில் விருந்தினர்க்கு உகந்ததன்று. அந்நேரத்தில் அவர்களை உள்ளே உறங்கவிட்டு, ஐந்து மணிக்குத் தரையில் நீர் தெளித்து, சூடு அடங்கியபின் பாயை விரிப்பதே முறை.

வண்ண விளக்குகளைக் கட்ட வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மராட்டிய அண்டை வீட்டார் வாயிலில் தொங்கவிடும் ஆகாசக் கந்திலின் அழகில் மயங்கி நாங்களும் ஆண்டுதோறும் ஒன்று வாங்குகிறோம். மின்கம்பி ஈரத்தரையில் புரளாமல் மேலாகச் செல்லட்டும். முற்றத்து இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கருவி பொருத்தப்பட்டிருக்கின்றதா என்று மின்பணியாளரிடம் கேட்டறியுங்கள். வாணம் விடும் இடத்தில் இரண்டு வாளி நீர் இருக்கட்டும். மறுநாள் அவ்வாளிகளைக் கவிழ்க்க மறந்தால் மேலே சொன்ன கொசுக் கதைக்கே திரும்ப வேண்டியிருக்கும்.

பூக்களுக்கு இப்பொழுது நேரம் கடந்துவிட்டது. செண்டுப்பூ விதைத்துப் பூக்க ஐம்பது அறுபது நாட்கள் ஆகும்; ஆகஸ்டில் விதைத்தவர் இன்று பறிக்கிறார்கள். மறந்தவர்கள் தாதர்ப் பூச்சந்தையை நாடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நானும் அங்கேதான் போகிறேன்.

எங்கள் முற்றத்தில் இந்நாட்களில் இடத்தகராறு ஒன்றும் எழுந்துள்ளது. தீபாவளிக்கு மராட்டியப் பிள்ளைகள் மண்ணைக் குழைத்துச் சிவாஜியின் கோட்டைகளைக் கட்டுவார்கள் என்பது இங்கே வாழும் நாமெல்லாம் அறிந்ததே. இங்கேயே பிறந்து வளர்ந்த என் பேரனும் பேத்தியும் ராய்கட் கோட்டையை முற்றத்தின் நட்டநடுவில் எழுப்பத் தொடங்கிவிட்டார்கள். மலைச்சரிவு பசுமையாகத் தோன்றக் கடுகு விதைத்தாகிவிட்டது; மூன்று நான்கு நாளில் முளைவிடும். என் மனைவி கோலமிடும் இடமும் அதுவே. “பாட்டி, கோட்டைக்குள்ளே கோலம் போடுங்கோ” என்றாள் பேத்தி. முடிவில் கோட்டை மாமரத்துப் பக்கமாக நான்கடி நகர்த்தப்பட்டது. நகர்த்தியதில் ஒரு கொத்தளம் இடிந்தது. அதற்கு நான் பொறுப்பேற்று மீண்டும் கட்டிக்கொடுத்தேன். நடைவழியில் ஈரமண் கிடந்தால் சித்தப்பாவின் கால் என்னாவது என்ற கவலை எனக்கு. கோட்டையைக் கண்டால் அவர் மகிழ்வார் என்பதில் ஐயமில்லை. சிவாஜியின் மாற்றாந்தாய் மகனான வெங்கோஜி அந்நூற்றாண்டிலேயே தஞ்சையில் அரசு நிறுவியவர் அல்லவா? குழந்தைகளை உட்காரவைத்து அக்கதையைச் சொல்ல அவரைவிடத் தகுந்தவர் எங்கள் குடும்பத்தில் இல்லை.

நேற்று மாலை மீண்டும் சித்தப்பாவை அழைத்தேன். படி கொத்தப்பட்டதையும், மூலைநீர் வடிவதையும், விளக்குக்குக் கம்பி இழுத்தாகிவிட்டதையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, “எனக்கு ஒரு மணை போதும்டா. உன் அப்பா உட்கார்ந்த அந்த மணை இருக்கில்லே?” என்றார்.

மணை பரணில் இருந்தது. இறக்கித் துடைத்து வெயிலில் வைத்திருக்கிறேன். ஒரு கால் சற்றே ஆடுகின்றது. தச்சர் நாளைக் காலை வருவதாகச் சொல்லியிருக்கிறார். கைப்பிடிக் குழாய் பதிக்கக் கொத்தனாரும் நாளைதான் வருகிறார்.